சனிக்குப் பக்கத்தில் ஒரு குளிர்ந்த நிலா

சின்னவளே, போன வாரம் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல், "அப்பா, சனிக்கு மட்டும் அம்புட்டு நிலா இருக்காம்ப்பா, தெரியுமா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டேன். ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதாக நினைத்து, அன்று சாப்பிடும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. உனக்கு அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான்தான். அந்தப் பொறுப்பை உங்கள் அம்மா என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நீ வளரட்டும், வளரட்டும் என்று இருந்தேன். நீ வளர்ந்து வந்து எதிரே நின்று கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. வாயில் வராதது எழுத்தில் வருமா என்று பார்க்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் அக்கா திருத்துவாள்.

அப்போது நீ அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய். அக்கா ஒன்பதாவது படித்தாள். அறிவியல் கண்காட்சிக்காக அவளுடைய டீச்சர் வகுப்பில் ஆளுக்கு ஒரு கோளையோ நிலாவையோ பிரித்துக் கொடுத்து, அதைப் பற்றி எல்லார் முன்னாலும் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தார். மற்ற பிள்ளைகளுக்குச் செவ்வாய், வியாழன் என்று வந்தது. அக்காவுக்கு வந்தது என்செலடஸ் என்று ஒரு சின்ன நிலா. சனியைச் சுற்றுவது. வீட்டுக்கு வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"எல்லாத்துக்கும் நல்லதாப் பாத்துக் குடுத்துட்டு, எனக்கு மட்டும் வாயில நுழையாத பேரைக் குடுத்துட்டாகம்மா."

"அது உன் வாய்க்குள்ள நுழையாட்டி, நீ அதுக்குள்ள நுழைஞ்சு பாரேன்" என்றாள் அம்மா. அவள் அப்படித்தான். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

அம்மா வேலை முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருக்கும்போது, அக்கா எதிரே நின்று ஒப்பிப்பாள். அந்த நிலா முழுக்கப் பனிக்கட்டி. வெளுத்த வேட்டியைக் காட்டிலும் வெள்ளை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனால், விருதுநகரிலிருந்து சென்னைக்குப் போகிற தூரம்தான். ஆனால் உள்ளே, பனிக்கட்டி ஓட்டுக்கு அடியில், ஒரு கடலே இருக்கிறது. அதன் தெற்கு முனையில் நீளநீளமாக நாலு வெடிப்பு. அந்த வெடிப்புகளின் வழியாக அந்தக் கடல் தண்ணீர் ஆவியாகவும் பனித்தூளாகவும் வானத்தில் பீறிட்டு அடிக்கிறது.

டீச்சர் கொடுத்த படத்தை அக்கா என் போனில் காட்டினாள். கறுப்பு வானம், அதில் ஒரு வெள்ளை உருண்டையின் விளிம்பு, விளிம்பிலிருந்து கற்றை கற்றையாக வெளிச்சம். நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் "புஸ்வாணம்" என்றோம். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

எனக்குப் பட்டாசுக் கம்பெனியில் அன்றும் இன்றும் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலைதான். செய்து முடித்த சரக்கில் ஒன்றை எடுத்துக் கொளுத்திப் பார்ப்போம். எவ்வளவு உயரம் போகிறது, எவ்வளவு நேரம் நின்று எரிகிறது, இரண்டும்தான் கணக்கு. அதனால் அம்மா முதலில் கேட்டதும் அதுதான்.

"எம்புட்டு நேரம் நிக்கும்?"

"நிக்காதும்மா. அடிச்சுக்கிட்டே இருக்கும். நூத்துக்கணக்கான மைல் உசரத்துக்குப் போகுதாம்."

"அடேயப்பா. உங்கப்பா செய்றது மூணு எண்ணுறதுக்குள்ள பொசுக்குனு போயிருது" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு ஏதோ யோசித்துவிட்டு, "சரி, அதைப் பத்த வச்சது யாரு?" என்றாள்.

டீச்சரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் அக்கா.

அந்த வாரத்தில்தான் விபத்து நடந்தது.

அதைப் பற்றி நிறைய எழுத மாட்டேன். சீசன் ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த சமயம், வெயிலும் கடுமை. அம்மா வேலை பார்த்தது எம். புதுப்பட்டியைத் தாண்டி இருந்த இன்னொரு பட்டாசுக் கம்பெனியில். நான் வெம்பக்கோட்டைப் பக்கம். சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் உடனே ஓட மாட்டார்கள். வெளியே வந்து, எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். அவரவர் ஆட்கள் எந்தத் திசையில் இருக்கிறார்கள் என்று அவரவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு நானும் பார்த்தேன். மறுநாள் பேப்பரில் வழக்கமாகப் போடுகிற அதே வார்த்தையைப் போட்டிருந்தார்கள். உராய்வு காரணமாக, என்று.

அம்மாவை விருதுநகரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தீக்காயத்துக்கென்று தனி வார்டு. உள்ளே வெள்ளைத் துணியால் கட்டுப் போட்டு, மேலே போர்வை படாமல் இருக்க வளைவான கம்பிக்கூண்டு ஒன்றை வைத்து, அதற்குக் கீழே அவள் கிடந்தாள். முகத்தில் பாதி தெரிந்தது. பாதம் இரண்டும் மட்டும் தப்பியிருந்தன.

எங்கள் வேலை அறைகளின் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகுமுன் வெறுங்கையை அதில் வைக்க வேண்டும். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். அந்தப் பழக்கத்தில் நான் வார்டு வாசலிலும் இரும்பு நிலையில் ஒரு கணம் கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அங்கே இருந்த நர்ஸ் நாசரேத்துப் பக்கம். இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, கதவுக்கு தினமும் கும்பிடு போடுதீய?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். "இங்க சோப்பு போட்டுக் கையக் களுவுனாப் போதும்" என்றார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் ஒரு வார்த்தை கூடுதலாகவே பேசுவார்.

அம்மாவுக்குப் பேச்சு வந்தபோது முதலில் உன்னைப் பற்றிக் கேட்டாள். சாப்பிடுகிறாளா, தேடுகிறாளா என்று. அடுத்தது, "பெரியவ கண்காட்சியில பேசிட்டாளா?"

அக்கா பேசவில்லை. பள்ளிக்கூடமே போகவில்லை. வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வந்திருந்த பயம் விசித்திரமானது. எதையும் எதோடும் தேய்க்க மாட்டாள். சட்டியை நார் போட்டுத் துலக்க மாட்டாள்; தண்ணீரில் ஊறப்போட்டு அலசி எடுப்பாள். துணிக்குச் சோப்புப் போட்டுக் கசக்க மாட்டாள். குளித்துவிட்டு வந்தால் தலையைத் துவட்ட மாட்டாள், அப்படியே காயவிடுவாள். அந்த ஒரு வார்த்தை பேப்பரிலிருந்து அவள் கைக்குள் இறங்கிவிட்டது. இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. பேசவில்லை என்பதை மட்டும் சொன்னேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். பிறகு, "அது எம்புட்டு குளிருமாம்னு கேட்டு வாங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அந்த நிலா. எம்புட்டு குளிரும்னு அவகிட்டக் கேட்டு வாங்க. எனக்குத் தெரியணும்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள். விட்டாலும் அம்மாவுக்குச் சம்மதமில்லை. "என் மொகம் கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் கூட்டியாங்க" என்பாள். அதனால் அம்மாவின் கேள்வியை நான் அக்காவிடம் கொண்டுபோவேன். அக்கா பதில் தெரியாவிட்டால் டீச்சரிடம் போய்க் கேட்க வேண்டும். அதற்காகவே பள்ளிக்கூடம் போனாள். பதிலை எனக்குச் சொல்லிக் கொடுத்து, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவாள். சிவகாசியில் பஸ் ஏறினால் விருதுநகரில் இறங்குகிறவரைக்கும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

கட்டு மாற்றுகிற நேரம்தான் அம்மாவுக்குப் பெரிய பாடு. ஒட்டியிருக்கும் துணியைத் தண்ணீர் விட்டு நனைத்து நனைத்து எடுப்பார்கள். அந்த நேரத்தில் நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சத்தமாகச் சொல்வேன். அங்கே தண்ணீர் உறைகிற குளிரைவிட இன்னும் இருநூறு டிகிரி கீழே. வெடிப்பிலிருந்து மேலே போகிற பனித்தூளில் ஒரு பங்கு திரும்பவும் அதன்மேலேயே பொழியும். ஓயாமல் பொழிந்துகொண்டே இருப்பதால்தான் அது அவ்வளவு வெள்ளை. மிச்சத் தூள் வெளியே போய் சனியைச் சுற்றி ஒரு பெரிய வளையமாக நிற்கிறது. திரைக்குள்ளிருந்து அம்மாவின் முனகல் வரும். முனகலுக்கு நடுவில், "இன்னொரு தடவ சொல்லுங்க, அந்தப் பனி விழுகுறத" என்று வரும். சொன்னதையே சொல்வேன்.

உங்கள் பெரியம்மாதான் அம்மாவுக்குத் துணைக்கு அங்கேயே இருந்தாள். அவளுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவே இல்லை.

"தம்பி, உங்களுக்கு வேற சாமியே கெடைக்கலையா? உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடக்கா, அவ காதுல போயி சனி சனின்னு ஓதுறீக."

"அக்கா, அது சனி இல்ல. சனி பக்கத்துல இருக்குற நிலா" என்றாள் அம்மா, கூண்டுக்குள்ளிருந்து.

"பக்கத்துல இருந்தா மட்டும் சும்மா விட்ருவாரா?"

"அம்புட்டுப் பக்கத்துல இருந்தும் அது வெள்ளையாத்தான இருக்கு."

பெரியம்மா சனிக்கிழமை கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். யார் பேருக்கு அர்ச்சனை என்று ஐயர் கேட்டபோது அம்மா பேரைச் சொல்லிவிட்டு, மனதுக்குள் அந்த நிலாவையும் சேர்த்துக்கொண்டாளாம். பின்னால் ஒரு நாள் அவளே சொன்னாள். அதைச் சொல்லும்போது அழுதாள்.

ஒரு நாள் அம்மா பழைய கேள்வியைத் திரும்ப எடுத்தாள்.

"அதை யாரு பத்த வச்சதுன்னு கேட்டேன்ல, அதுக்கு இன்னும் பதில் வரல. வெளிய அம்புட்டுக் குளிரு. உள்ள மட்டும் எப்படி உறையாம இருக்கு? அடியில ஏதோ சூடு இருக்கணும்ல?"

அக்காவிடம் கேட்டேன். அவள் மறுநாள் டீச்சரிடம் கேட்டுவிட்டு வந்தாள். வந்தவள் பையைக்கூட இறக்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்ன தாயி, தெரியலைன்னுட்டாகளா?" என்று கேட்டேன்.

"தெரியும்ப்பா" என்றாள். அந்த நிலா சனியைச் சுற்றும்போது ஒரு சமயம் கிட்டே போகிறது, ஒரு சமயம் கொஞ்சம் எட்டி வருகிறது. கிட்டே போகும்போது சனி அதை அதிகமாக இழுக்கிறது. எட்டி வரும்போது இழுப்பு தளர்கிறது. இப்படி இழுபட்டு இழுபட்டு அதன் உள்ளே இருக்கிற பாறையும் பனியும் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உரசலில் சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டில்தான் கடல் உறையாமல் இருக்கிறது. பற்ற வைத்தது யாரும் இல்லை.

"உராய்வுதாம்ப்பா" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாகிட்ட அதைச் சொல்லீராதீகப்பா. வேற என்னமாச்சும் சொல்லுங்க."

அன்றைக்குப் பஸ்ஸில் நான் எதையும் ஒப்பித்துக்கொண்டு போகவில்லை. என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். பொய் சொல்லவும் மனதில்லை. இரும்பு நிலையில் கையை வைத்துவிட்டு உள்ளே போனேன். அம்மா காத்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்குக் காய்ச்சல் கூடியிருந்தது. உதடு வெடித்திருந்தது. பெரியம்மா பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"சனி அதைப் பிசையுதாம்" என்றேன். "சப்பாத்திக்கு மாவு பிசையிற மாதிரி. பிசையப் பிசைய உள்ள சூடாகுதாம்."

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாவு பிசைஞ்சா சூடாகுமாக்கும்" என்றாள். "நான் எம்புட்டு மாவு பிசைஞ்சிருக்கேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஓரசல்தான?"

ஆமாம் என்றேன்.

அந்தத் தொழிலில் அவள் இத்தனை வருஷம் இருந்தவள். எதையும் இழுக்காதே, தேய்க்காதே, தூக்கி வை என்பதுதான் எங்களுக்கு அங்கே முதல் பாடம். வீட்டிலும் அவளுக்கு அதே பேச்சுதான். முக்காலியை யாராவது தரையில் இழுத்தால் அடுப்படியிலிருந்து "தூக்கி வை" என்று குரல் வரும். இப்போது நீ நாற்காலியை இழுத்தால் நான் சத்தம் போடுகிறேனே, அது அம்மாவின் குரல்தான்.

"நான் பயந்துக்குவேன்னு சொல்லாம விட்டீகளா?" என்றாள் அம்மா.

"நான் இல்ல. உன் மகதான் சொல்ல வேண்டாம்னா."

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாரைத் தொடாதது, துணி கசக்காதது, தலை துவட்டாதது. அம்மா கேட்டுக்கொண்டே கிடந்தாள். ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்து கட்டுத் துணிக்குள் போனது. துடைக்கக்கூட முடியாது, துணி படக் கூடாது.

"அவளை நாளைக்குக் கூட்டியாங்க" என்றாள்.

"மொகம் ஆறட்டும்னு சொன்னியே."

"மொகம் கெடக்கு. கூட்டியாங்க."

நர்ஸிடம் கேட்டேன். அவர் உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தார். "கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி" என்றார். நான் எதிர்பார்த்ததைவிட லேசாக அனுமதி கிடைத்துவிட்டது. ஏன் அவ்வளவு லேசாகக் கிடைத்தது என்று வெளியே வந்த பிறகுதான் புரிந்தது. கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். நானும் வருவேன் என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். உனக்கு அது ஞாபகம் இருக்காது.

வாசலில் அக்கா தயங்கினாள். நான் இரும்பு நிலையில் கையை வைத்ததைப் பார்த்து அவளும் வைத்தாள். உள்ளே வந்து அம்மாவைப் பார்த்தவள் அழவில்லை. பெரியம்மாதான் திரும்பி நின்றுகொண்டு அழுதாள்.

"பேசு" என்றாள் அம்மா. "கண்காட்சியில பேச வேண்டியத இங்கன நின்னு பேசு."

அக்கா பேசினாள். முதலில் குரலே எழும்பவில்லை. தூரம், வெள்ளை, குளிர், நாலு வெடிப்பு, பனித்தூள், வளையம் என்று போய், கடைசியில் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"சொல்லு."

"உராய்வுனால..." என்றாள் அக்கா.

"உராய்வுனால?"

"உராய்வுனால உள்ள இருக்குற தண்ணி உறையாம இருக்கு."

"அது இல்லாட்டி?"

"அது இல்லாட்டி, மொத்தமா உறைஞ்சு செத்துப் போயிரும்மா."

பெரியம்மா "ஏய்" என்று பதறினாள். அம்மா கண்ணாலேயே அவளை அடக்கினாள்.

"ரெண்டு கையையும் தேய்" என்றாள் அம்மா.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கைகளைச் சேர்த்து, மெதுவாக, ஏதோ உடைந்துவிடும் என்பது போலத் தேய்த்தாள். "நல்லா" என்றாள் அம்மா. அக்கா வேகமாகத் தேய்த்தாள். அந்த வார்டில் அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"சூடாச்சா?"

"ஆச்சும்மா."

"என் கால்ல வையி."

அக்கா கட்டிலின் அந்தப் பக்கம் போய் அம்மாவின் பாதம் இரண்டிலும் உள்ளங்கைகளை வைத்தாள். நர்ஸ் தடுக்கவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கைச் சூடு ஆறினதும் அக்கா எடுத்துத் திரும்பத் தேய்த்து வைத்தாள். அப்படியே செய்துகொண்டிருந்தாள். நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து தோளைத் தொட்டபோதுதான் நிறுத்தினாள்.

நாங்கள் கிளம்பும்போது அம்மா என்னை மட்டும் கூப்பிட்டாள்.

"சின்னவளக் கூட்டியாராதீக. அவளுக்கு நான் பழைய மாதிரியே இருந்துக்கிறேன்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "ஆனா இத அவளுக்கு யாரு சொல்லுவா? பெரியவளுக்கு நான் சொல்லிட்டேன். இவளுக்கு நீங்கதான் சொல்லணும். அவளாக் கேக்குறப்ப சொல்லுங்க. மாவு கீவுன்னு சொல்லி ஏமாத்தாதீக."

அதற்குப் பிறகு அவள் தெளிவாகப் பேசிய நாள் இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். நம் வீட்டில், அன்று கூடியிருந்த கூட்டத்தில், நீ பந்தலுக்குக் கீழே அம்மாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "அப்பா, அம்மா குளுந்து கெடக்கு" என்று என்னிடம் சொன்னாய். அப்போது அக்கா உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அக்கா அதற்கடுத்த வாரம் சட்டி துலக்கினாள். அழுதுகொண்டேதான் துலக்கினாள், ஆனால் துலக்கினாள். இப்போது அவள் மதுரையில் படிக்கிறாள். நான் இன்னும் அதே வேலைக்குத்தான் போகிறேன். வேறு வேலை எனக்குத் தெரியாது. தினமும் செம்புத் தகட்டில் கை வைக்கும்போது அம்மாவின் கால் நினைவு வரும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

சின்னவளே, சனிக்கு நிறைய நிலா இருக்கிறது என்று கேட்டாயே. இருக்கிறது. அதில் ஒன்று, எவ்வளவு குளிரிலும் உள்ளே உறையாமல் இருக்கிறது. என்ன காரணம் என்று உன் டீச்சர் பின்னால் ஒரு நாள் சொல்லுவார். அதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும் என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள்.

இதை நீ படித்து முடித்ததும் ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்துத் தேய். மெதுவாக இல்லை, நல்லாத் தேய். சூடானதும் என்னிடம் வா. நான் வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை எழுந்து போக மாட்டேன்.